துரு என்னும் மெல்லிய திரை

தென்காசி நிலையத்திலோ சங்கரன்கோவில் நிலையத்திலோ வண்டிக்காகக் காத்திருக்கும்போது, நடைமேடையில் நின்றபடியே தண்டவாளத்தைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். நாள்தோறும் வண்டி ஓடும் பாதையில் தண்டவாளத்தின் தலைப்பகுதி வெள்ளிபோல் பளபளக்கும். பக்கங்கள் செம்பழுப்பாக இருக்கும். எப்போதாவது பெட்டிகளை ஒதுக்கி நிறுத்தும் கிளைப்பாதையில் தலைப்பகுதியும் பழுப்பேறியிருக்கும். குற்றாலத்தில் சீசன் தொடங்கிச் சாரல் அடிக்கும் நாட்களில், வண்டி ஓடாத தண்டவாளத்தின் தலை விரைவிலேயே நிறம் மாறிவிடும்.

வண்டி ஓட்டத்திற்கு இந்தத் துருவால் என்ன வந்துவிடப் போகிறது என்று நீங்கள் கேட்கலாம். பல டன் எடையுள்ள சக்கரத்திற்கு ஒரு துருப்படலம் தடையாகுமா? ஓட்டத்திற்கு அது தடையில்லைதான். ஆனால் வண்டி எங்கே இருக்கிறது என்ற செய்தி மின்சாரத்தின் வழியாகச் செல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் செய்திக்கு இந்தப் படலம் பெருந்தடை. வீட்டு மேசைமேல் ஓடும் மாதிரி ரயில் திடீரென்று தயங்கி நிற்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். வியப்பு என்னவென்றால், கம்பியில்லாத் தந்தியின் முதல் ஏற்பி பிறந்ததும் இதே போன்ற மெல்லிய படலத்திலிருந்துதான். இந்த மூன்று வரலாறுகளும் ஓரிடத்தில் சந்திப்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கையால் பெற்ற செய்தி

செங்கோட்டையிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து கொல்லம் செல்லும் மீட்டர் பாதை 1904-இல் திறக்கப்பட்டது. 2010-இல் மூடப்பட்ட அப்பாதை, அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2018-இல் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. இத்தகைய ஒற்றைப் பாதைகளில் எதிரெதிரே இரு வண்டிகள் வந்துவிடாமல் காப்பது எப்படி? அதற்கு நெடுங்காலம் பயன்பட்டது டோக்கன் முறை. இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைக்கப்பட்ட கருவிகள் இருக்கும். அவற்றிலிருந்து ஒரு நேரத்தில் ஒரே ஒரு டோக்கனைத்தான் வெளியே எடுக்க முடியும். அந்த டோக்கனைக் கையில் வைத்திருக்கும் ஓட்டுநர் மட்டுமே அடுத்த நிலையம் வரை செல்லலாம். பெரிய வளையம் ஒன்றில் கட்டிய பையில் டோக்கனை வைத்து ஊழியர் நீட்டுவார். நிற்காத வண்டியின் இஞ்சினிலிருந்து கையை நீட்டி அதைப் பற்றிக்கொள்வார்கள்.

இஞ்சின் பெற்ற செய்திகளுள் இதைவிட உறுதியானது வேறில்லை. செய்தி கைக்கு வந்தது, அல்லது வரவில்லை. பாதி வந்தது என்ற நிலையே கிடையாது. ஆனால் வண்டிகள் பெருகி, ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கியபோது, பாதையின் எப்பகுதியில் வண்டி நிற்கிறது என்பதைத் தண்டவாளமே சொல்ல வேண்டிய தேவை ஏற்பட்டது.

ராபின்சனின் மூடிய சுற்று

இதற்கு வழி கண்டவர் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன். அவருடைய முயற்சி மாதிரி ரயில் ஒன்றிலிருந்தே வளர்ந்தது என்பது கவனிக்கத்தக்கது. தானியங்கிச் சைகை முறை ஒன்றின் மாதிரியை அமைத்து 1870-இல் நியூயார்க் பொருட்காட்சியில் வைத்தார். பின் பென்சில்வேனியா மாநிலத்தின் கின்சுவா என்னும் இடத்தில் உண்மையான பாதையிலேயே அதை நிறுவினார்.

அந்த முதல் அமைப்பில் வண்டி உள்ளே நுழையும்போது ஒரு நெம்புகோலை அழுத்தும்; உடனே சைகை சிவப்பாகும். வெளியேறும்போது மற்றொரு நெம்புகோலை அழுத்தும், சைகை பச்சையாகும். நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் சிந்தித்துப் பாருங்கள். வண்டியின் கடைசிப் பெட்டி மட்டும் கழன்று நடுவழியில் நின்றுவிட்டால்? இஞ்சின் வெளியேறியவுடன் சைகை பச்சை காட்டிவிடும். கம்பி அறுந்துவிட்டால்? வண்டி நுழைந்தாலும் சிவப்பு வராது. கருவி பழுதானால் அது ஆபத்தின் பக்கமே சாய்கிறது.

ராபின்சன் அமைப்பைத் தலைகீழாக்கினார். 1872-இல் அவர் காப்புரிமை பெற்ற முறை இது: பாதையின் ஒரு பகுதியை மற்றப் பகுதிகளிலிருந்து மின்காப்பிட்டுப் பிரித்துவிட வேண்டும். அதன் ஒரு முனையில் இரு தண்டவாளங்களுக்கிடையே ஒரு மின்கலத்தை இணைக்க வேண்டும். மறுமுனையில் ரிலே என்னும் மின்காந்தச் சாவியை இணைக்க வேண்டும். பாதை காலியாக இருக்கும்போது மின்னோட்டம் ஒரு தண்டவாளத்தின் வழியே சென்று, ரிலேயைக் கடந்து, மறு தண்டவாளத்தின் வழியே திரும்பும். ரிலே ஈர்க்கப்பட்டிருக்கும், சைகை பச்சையாக இருக்கும். வண்டி வந்தால் அதன் சக்கரங்களும் அச்சும் இரு தண்டவாளங்களையும் குறுக்கே இணைத்துவிடும். மின்னோட்டம் எளிய வழியாகிய அச்சின் ஊடாகவே சென்றுவிடும். ரிலே மின்னோட்டத்தை இழந்து விழும், சைகை சிவப்பாகும். இதற்குத் தடச் சுற்று என்று பெயரிடலாம். ரயில்வே ஊழியர்கள் டிராக் சர்க்யூட் என்பார்கள்.

இதன் சிறப்பைப் பாருங்கள். மின்கலம் தீர்ந்தால் சிவப்பு. கம்பி அறுந்தால் சிவப்பு. தண்டவாளமே முறிந்தாலும் பெரும்பாலும் சிவப்பு. ஒரு பெட்டி மட்டும் விடுபட்டு நின்றாலும் சிவப்புத்தான். செய்தி வராவிட்டால் ஆபத்து என்றே கொள்ள வேண்டும். பழுதானாலும் பாதுகாப்பின் பக்கமே பழுதாக வேண்டும். உலகெங்கும் ரயில் சைகைத் துறையின் அடிப்படை விதியாக இக்கருத்து நிலைத்துவிட்டது.

இந்தியாவில் இம்முறை பரவுவதற்கு ஒரு தடை இருந்தது. நம் பாதைகளில் வார்ப்பிரும்பு, எஃகு ஸ்லீப்பர்கள் ஏராளம். உலோக ஸ்லீப்பர் இரு தண்டவாளங்களையும் தானே மின்வழியாக இணைத்துவிடும். அப்படியானால் ரிலே, வண்டி வராமலே எப்போதும் விழுந்து கிடக்கும். மரக்கட்டை ஸ்லீப்பர் அல்லது மின்காப்பு வைத்த கான்கிரீட் ஸ்லீப்பர் உள்ள இடங்களிலேயே தடச் சுற்று இயலும். கான்கிரீட் ஸ்லீப்பர்கள் பெருகிய பின்னரே இத்தடை நீங்கியது.

ஓர் ஓட்டை

இவ்வளவு பாதுகாப்பான சுற்றில் ஒரு குறை எஞ்சியிருந்தது. மற்றப் பழுதுகள் பெரும்பாலும் சிவப்புக் காட்டும். இந்தப் பழுதோ பச்சை காட்டும். சக்கரத்திற்கும் தண்டவாளத்திற்கும் இடையே மின்தொடர்பு சரியில்லாவிட்டால் அச்சு இருந்தும் இல்லாததற்குச் சமம். ரிலே விழாது. பாதையில் வண்டி நின்றுகொண்டிருக்கும். பாதை காலி என்று சைகை சொல்லும்.

அகலப்பாதை இஞ்சினின் ஒரு சக்கரம் ஏறத்தாழ 10 டன் எடையைத் தாங்குகிறது. அது தண்டவாளத்தைத் தொடும் பரப்போ ஒரு விரல் நகத்தின் அளவுதான். அவ்வளவு அழுத்தத்தில் மெல்லிய துருப்படலம் நசுங்கிவிடும். ஆகவே கனத்த வண்டிகளால் தொல்லை குறைவு. எடை குறைந்த வண்டியும் தடித்த துருவும் சேரும்போதே சிக்கல் எழுகிறது. இந்திய ரயில்வேயில் அகலப்பாதைத் தடச் சுற்றைச் சோதிக்க 0.5 ஓம் மின்தடையை இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே இணைப்பார்கள். அப்போது ரிலே விழ வேண்டும். விழாவிட்டால் அச்சுற்றை நம்பக்கூடாது.

காணாத வண்டி எவ்வளவு கொடியது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2009 ஜூன் 22 அன்று அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் மெட்ரோ ரயிலில், நின்றிருந்த வண்டியின்மேல் பின்னால் வந்த வண்டி மோதியது. 9 பேர் உயிரிழந்தனர். அங்கே குற்றவாளி துரு அன்று. தடச் சுற்றின் மின்னணுக் கருவியில் எழுந்த வேண்டாத அலைவு ஒன்று, பாதை காலி என்ற பொய்ச் செய்தியை உண்டாக்கிவிட்டது. காரணம் வேறாயினும் விளைவு ஒன்றே. நின்றிருந்த வண்டி கருவியின் கண்ணுக்குத் தெரியவில்லை.

பிரான்லியின் குழாயும் போசின் சுருள்வில்லும்

இனி ரயில் பாதையை விட்டு ஆய்வுக்கூடத்திற்குச் செல்வோம். துருவைப் போன்ற ஆக்சைடு படலத்தை மின்சாரம் எவ்வாறு கடக்கிறது என்பது அங்கேதான் தெரியவந்தது.

1890-இல் பாரிசில் எடுவார் பிரான்லி என்ற அறிவியலார் ஒரு கண்ணாடிக் குழாயில் உலோகத் தூளை இட்டு அதன் மின்தடையை அளந்தார். தூளின் துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருந்தன. ஆயினும் மின்தடை மிக அதிகமாக இருந்தது. அருகே ஒரு மின்பொறியை உண்டாக்கியதும் மின்தடை சட்டென்று வீழ்ந்தது. குழாயைத் தட்டியதும் பழைய நிலைக்கு ஏறிவிட்டது. இங்கிலாந்தின் ஆலிவர் லாட்ஜ் இக்கருவிக்குக் கோஹிரர் என்று பெயரிட்டார். ஒட்டிக்கொள்வது என்பது அதன் பொருள். கம்பியில்லாத் தந்தியின் தொடக்க ஆண்டுகளில் அலைகளைப் பிடிக்கும் காதாக அமைந்தது இதுவே.

இது ஏன் நிகழ்கிறது? ஒவ்வொரு துகளின் மேலும் ஆக்சைடு படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. அதன் தடிப்பு 10 நானோமீட்டர் எனக் கொள்வோம். அதாவது ஒரு மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்கு. அதன் இருபுறமும் ஒரே ஒரு வோல்ட் மின்னழுத்தம் இருந்தால், மின்புலம் மீட்டருக்கு 10 கோடி வோல்ட் ஆகிறது. சாதாரணமாகக் காற்றில் மின்பொறி பறக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். இவ்வளவு வலிய மின்புலத்தில் படலம் முறிந்து, நுண்ணிய உலோகப் பாலம் அமைகிறது. மின்னழுத்தம் சிறிதேயாயினும் படலம் மெல்லியதாக இருந்தால் அதைத் துளைத்துவிடலாம் என்பது இதன் பாடம்.

இத்துறையில் நம் நாட்டின் பங்கு பெரிது. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஜெகதீஷ் சந்திர போஸ், தூளுக்குப் பதிலாகச் சுருள்வில்களை வரிசையாக அடுக்கி ஏற்பி செய்தார். ஒன்றோடொன்று படும் இடங்களின் அழுத்தத்தை ஒரு திருகால் நுட்பமாகக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. உருக்குக் கம்பி எளிதில் துருவேறும் அல்லவா? அதனால் சுருள்வில்களின்மேல் கோபால்ட் முலாம் பூசினார். தொடர்பிடத்தின் படலத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்வதே அவர் நோக்கம். 1899-இல், தட்டாமலேயே தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும் கோஹிரரைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வெளியிட்டார். கலீனா என்னும் ஈயத் தாதுப் படிகத்தைக் கொண்டு அலைகளை உணரும் கருவிக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பிற்காலக் குறைகடத்திக் கருவிகளுக்கு அது முன்னோடி.

துருவைத் துளைத்தல்

ரயில் பொறியாளர்கள் இதே உண்மையைத் தங்கள் தேவைக்குப் பயன்படுத்தினர். பழைய தடச் சுற்றில் தண்டவாளங்களுக்கிடையே இருப்பது ஓரிரு வோல்ட்டே. துருப்படலம் ஒரு மைக்ரோமீட்டர் தடித்துவிட்டால் அதன் மின்புலம் நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும், படலம் முறியாது. எனவே பிரெஞ்சுப் பொறியாளர்கள் உயர் மின்னழுத்தத் துடிப்புகளை அனுப்பினர். நொடிக்குச் சில முறை மட்டும், மிகக் குறுகிய நேரத்திற்கு நூறு வோல்ட் அளவிலான துடிப்பு தண்டவாளத்தில் பாயும். படலம் துளைபட்டு வண்டி தென்படும்.

பிரிட்டனில் வேறு வழி கண்டனர். 1980-களில் அங்கே எடை குறைந்த டீசல் வண்டிகள் வந்தன. அவற்றில் வட்டத்தட்டு பிரேக்குகள் இருந்தன. பழைய வண்டிகளில் பிரேக் கட்டை சக்கரத்தின் ஓடுபரப்பையே உரசித் தூய்மையாக்கி வந்தது. புதிய வண்டிகளில் அந்த உரசல் இல்லை. தடச் சுற்றுகள் இவ்வண்டிகளைக் காணத் தவறின. ஆகவே வண்டியின் அடியில் ஒரு கம்பிச் சுருளைப் பொருத்தி, சக்கரங்கள் வழியாக 165 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட மின்னலைகளைத் தண்டவாளத்தில் தூண்டினர். அலை படலத்தை முறிக்கிறது. பிறகு தடச் சுற்றின் சிறு மின்னோட்டம் அவ்வழியே பாய்கிறது. பிரான்லியின் கண்ணாடிக் குழாயில் நிகழ்ந்ததும் இதுவே அன்றோ!

தொடர்பையே நம்பாத வழியும் ஒன்றுண்டு. அதுதான் அச்சு எண்ணி. தண்டவாளத்தின் இருபுறமும் வைத்த கம்பிச் சுருள்களுக்கிடையே உள்ள காந்தப் பிணைப்பைச் சக்கரம் மாற்றுகிறது. பகுதிக்குள் எத்தனை அச்சுகள் நுழைந்தன, எத்தனை வெளியேறின என்று கருவி எண்ணிக்கொள்கிறது. துருவைப் பற்றிய கவலை அங்கில்லை. இந்தியாவில் இன்று இது பரவலாகப் பயன்படுகிறது.

மேசைமேல் ஓடும் வண்டி

மாதிரி ரயிலிலும் மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகவே வருகிறது. ஒரு தண்டவாளத்திலிருந்து சக்கரம், சக்கரத்திலிருந்து மோட்டார், மோட்டாரிலிருந்து எதிர்ச்சக்கரம், மறு தண்டவாளம் என்பதே சுற்று. இஞ்சினின் எடை சில நூறு கிராம்தான். துருவையோ அழுக்கையோ நசுக்கும் ஆற்றல் அதற்கில்லை.

பழைய முறையில் தண்டவாள மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும், குறைத்தால் குறையும். ஒரு பாதையில் பல இஞ்சின்களைத் தனித்தனியே இயக்க முடியாது. இக்குறையை நீக்க, 1963-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனமும் 1979-இல் பிரிட்டனின் ஹார்ன்பி நிறுவனமும் தண்டவாளத்தின் வழியே கட்டளைகளை அனுப்பும் முறைகளைக் கொண்டுவந்தன. 1990-களில் டி.சி.சி. என்னும் பொதுத்தரம் அமைந்தது. இதில் தண்டவாள மின்னழுத்தம் விரைவாகத் திசை மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு அரைத்துடிப்பும் 58 மைக்ரோநொடி நீடித்தால் அது 1. 100 மைக்ரோநொடி அல்லது அதற்கு மேல் நீடித்தால் அது 0. இஞ்சினுக்குள் உள்ள சிறு மின்னணுத் தகடு இவற்றைப் படித்து, தன் எண்ணுக்குரிய கட்டளையை மட்டும் நிறைவேற்றும். ஆற்றலும் செய்தியும் ஒரே வழியில் வருகின்றன.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு கட்டளை முடிய ஏறத்தாழ ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு ஆகிறது. இஞ்சின் நொடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடினால், அந்நேரத்தில் அது 2 மில்லிமீட்டர் நகரும். எனவே எள்ளளவு அழுக்குப் போதும், ஒரு கட்டளை முழுவதையும் விழுங்கிவிட! பழைய இஞ்சின் தன் உந்தத்தால் அந்த அழுக்கைத் தாண்டி ஓடிவிடும். புதிய இஞ்சினின் மின்னணுத் தகடு மின்சாரம் இழந்து, மீண்டும் முதலிலிருந்து விழித்தெழ வேண்டியிருக்கும்.

குறை கண்டுபிடிப்பதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும்.

முதலாவது, இஞ்சின் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். எல்லா இஞ்சின்களும் அங்கேயே நின்றால் குறை பாதையில் இருக்கிறது. ஓர் இஞ்சின் மட்டும் எல்லா இடங்களிலும் தயங்கினால் குறை அதன் சக்கரத்தில்.

இரண்டாவது, மின்னழுத்தத்தை வண்டி ஓடும்போது அளந்து பாருங்கள். மின்னோட்டம் இல்லாதபோது தளர்ந்த இணைப்பும் நல்ல இணைப்புப் போலவே காட்டும். ஓமின் விதிப்படி மின்னோட்டம் பாயும்போதுதான் மின்னழுத்த வீழ்ச்சி வெளிப்படும்.

மூன்றாவது, பாதையின் கடைக்கோடியில் ஒரு நாணயத்தை இரு தண்டவாளங்களின் மேலும் குறுக்கே வையுங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டி உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். 15 வோல்ட்டில், 5 ஆம்பியர் தாண்டினால் நிறுத்தும் பெட்டி என்று கொள்வோம். சுற்றின் மொத்த மின்தடை 3 ஓமுக்கு மேல் இருந்தால் 5 ஆம்பியர் பாயவே முடியாது. பெட்டி நிறுத்தாது, கம்பி சூடேறும். அப்படியானால் கம்பி மெல்லியது அல்லது இணைப்பு தளர்ந்தது. தானே நிறுத்தும் அமைப்புள்ள, குறைந்த மின்னழுத்தப் பெட்டியில் மட்டுமே இதைச் செய்யலாம். பெரிய ரயிலில் 0.5 ஓம் சோதனை செய்யும் வேலையையே இங்கே நாணயம் செய்கிறது என்பதைக் கவனித்தீர்களா?

தூய்மை செய்ய உப்புத்தாள் வேண்டாம். அது உண்டாக்கும் கீறல்களில் அழுக்கு மேலும் சேரும். ஐசோபுரப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி போதும்.

நீங்களே செய்து பாருங்கள்

மாதிரி ரயில் இல்லாதவர்களும் இவ்வியற்பியலைக் கண்ணால் காணலாம். அலுமினியத் தாளைக் கிழித்துப் பட்டாணி அளவு உருண்டைகளாகத் தளர்வாக உருட்டுங்கள். ஒரு பிளாஸ்டிக் குவளையில் அவற்றை இட்டு, இரு புறமும் இரண்டு ஆணிகளைச் செருகுங்கள். ஆணிகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. 1.5 வோல்ட் மின்கலங்கள் இரண்டு, ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கு, இக்குவளை ஆகியவற்றைத் தொடராக இணையுங்கள். விளக்கு எரிந்தால் குவளையைத் தட்டி அணையச் செய்யுங்கள். இப்போது அடுப்புப் பற்றவைக்கும் சொடுக்கு லைட்டரை ஆணியின் அருகே கொண்டுவந்து சொடுக்குங்கள். விளக்கு எரியும். மீண்டும் தட்டினால் அணையும். முதல் முறையிலேயே வராவிட்டால் உருண்டைகளைச் சற்றே நெருக்கியோ தளர்த்தியோ முயலுங்கள். சமையல் எரிவாயு அருகில் இதைச் செய்யாதீர்கள். வீட்டு மின்சாரத்துடன் இணைக்காதீர்கள்.

இன்று இந்திய ரயில்வே கவச் என்னும் தானியங்கிப் பாதுகாப்பு முறையை நிறுவி வருகிறது. 2020-இல் தேசிய முறையாக ஏற்கப்பட்ட இதில், இஞ்சினும் நிலையமும் வானொலி அலைகளால் பேசிக்கொள்கின்றன. பாதையில் பதித்த சிறு அட்டைகள் வண்டி நிற்கும் இடத்தைச் சொல்கின்றன. செய்தி வானில் வருகிறது என்பதால் துருவின் கதை முடிந்துவிட்டதாகக் கருத வேண்டாம். பாதை காலியா என்பதை நிலையத்திற்குச் சொல்பவை இன்றும் தடச் சுற்றும் அச்சு எண்ணியுமே. அடுத்த முறை சாரல் நனைத்த தண்டவாளத்தின் மேல் முதல் வண்டி கடந்துபோகும்போது, அது பயணிகளை மட்டும் ஏற்றிச் செல்லவில்லை, தன் பின்னால் வரும் வண்டிக்காகத் துருவையும் துடைத்துக்கொண்டு போகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.